ஆள் எப்படி இருந்தான்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன் வளர்ந்த எவரைக் கேட்டாலும், வெளியூரில் பறிகொடுத்த கதை ஒன்று அவர் வீட்டில் இருக்கும். அப்பாவோ மாமனோ சித்தப்பாவோ லாரியில் போயிருப்பார். மானாவாரிக் காட்டை நம்பிக் காலம் தள்ள முடியாத குடும்பங்கள் லாரியை நம்பின. பாடி கட்டும் பட்டறைகளும் ரிக் வண்டிகளும் புக்கிங் ஆபீஸ்களுமாக ஊர் எழுந்து நின்றது. அந்த எழுச்சியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். மொழி தெரியாத ஊரின் நடுரோட்டில் நம் ஆட்கள் அடி வாங்கி, பணத்தைப் பறிகொடுத்து, காவல் நிலைய வாசலில் நின்றதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இப்போது அதைப் பேச வேண்டியிருக்கிறது.

1980களில் நாமக்கல்லில் ஒரு புக்கிங் ஆபீசில் நான் கணக்கு எழுதினேன். சரக்கு ரசீது போடுவது, வழிச்செலவும் பேட்டாவும் கொடுத்து அனுப்புவது, வண்டி திரும்பியதும் டிரிப் கணக்கு முடிப்பது என் வேலை. சேலத்து ஜவ்வரிசி நாக்பூருக்கும் இந்தூருக்கும் கல்கத்தாவுக்கும் போகும். திரும்பும்போது வெங்காயமோ பருப்போ இரும்போ ஏறி வரும். கிளம்பும் முன் டிரைவர்கள் பணத்தை மூன்றாகப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கு சட்டைப்பையில், வருகிறவனுக்குக் கொடுத்துவிடுவதற்கு. ஒரு பங்கு டூல்ஸ் பெட்டியில் கிரீஸ் துணிக்குள். கடைசிப் பங்கு கிளீனர் பையனின் அரைஞாண் கயிற்றில் கட்டிய சுருக்குப்பையில். சோதனை போடுகிறவன் சின்னப் பையனை விட்டுவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. சில நேரம் அதுவும் பலிக்காது.

பறிக்கும் வழிகள் பல. மேட்டில் வண்டி ஊர்ந்து ஏறும்போது பின்னால் தொற்றி, தார்ப்பாயை அறுத்து மூட்டையை உருட்டிவிடுவார்கள். டயரில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கை காட்டி நிறுத்துவார்கள். தாபாவில் கூட உட்கார்ந்து பேசிய ஆள் வாங்கித் தந்த டீயில் மயக்க மருந்து இருக்கும். பெரிய நகரங்களின் வெளிவட்டச் சாலைதான் எல்லாவற்றிலும் மோசம். பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று இருட்டும்வரை வரிசையில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காசு கேட்பார்கள். பலகையில் தமிழ் எழுத்து இருந்தால் அந்த வண்டிக்கு முதலில் வருவார்கள். மொழி தெரியாதவன், கூப்பிட்டால் வர ஆளில்லாதவன், நாளைக் காலை ஊரைவிட்டுப் போய்விடுகிறவன். இந்த மூன்றும் சேர்ந்தவனிடம் பறித்தால் புகார் வராது என்பது உலகத்தில் எந்த நகரத்துத் திருடனுக்கும் தெரிந்த கணக்கு.

ஊர் திரும்பியதும் ஆபீசில் விசாரணை நடக்கும். முதலாளி முதலில் கேட்பது, “ஆள் எப்படி இருந்தான்?” வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “ஹிந்திக்காரனுங்க. மீசை வெச்சிருந்தானுங்க. ஒயரமா இருந்தானுங்க.” அதை வைத்துக்கொண்டு ஒருவனையும் பிடிக்க முடியாது. லட்சக்கணக்கானவர்களைச் சந்தேகிக்கத்தான் முடியும்.

ஒருமுறை, மகாராஷ்டிரத்தில் பணத்தையும் கைக்கடிகாரத்தையும் பறிகொடுத்து வந்த இளம் டிரைவர் ஒருவர் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த சங்ககிரி டிரைவர் குறுக்கே புகுந்தார்.

“மூஞ்சிய உடு தம்பி. ஃபுட்போர்டுல ஏறறதுக்கு முன்னால கீழ நின்னான்ல? தலை எங்க வந்துச்சு? கதவுக் கைப்பிடிக்கு மேலயா, கீழயா?”

இளைஞர் கண்ணை மூடி யோசித்தார். “கைப்பிடிக்கு ஒரு சாண் மேலங்ணா.”

“கத்தி எந்தக் கையில?”

“எடது கை.”

“கால்ல என்ன போட்டிருந்தான்?”

“ரப்பர் செருப்புங்ணா. வலது கால்ல வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சு.”

அதுவரை அந்த அறையில் இருந்தது ஒரு மாநிலம். அந்தக் கேள்விகளுக்குப் பிறகு ஒரு மனிதன் தெரிய ஆரம்பித்தான்: நடுத்தர உயரம், இடது கைப் பழக்கம், கம்பி போட்ட செருப்பு. ‘ஒயரமா இருந்தான்’ என்று முதலில் சொன்னது பயத்தில் வந்தது என்பதும் தெரிந்தது. அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, சம்பவம் நடந்த பகுதியின் காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் அன்று முதல் வண்டி கிளம்பும்போது அந்த மூத்தவரின் கேள்விகளை டிரைவர்களின் டைரியில் எழுதிக் கொடுப்பது எங்கள் ஆபீசில் வழக்கமாயிற்று. ‘கித்னா’, ‘கிதர்’, ‘பானி’ என்று தமிழ் எழுத்தில் எழுதி வைத்த ஹிந்திச் சொற்களுக்குக் கீழே: உயரம், கை, கால், குரல், வண்டி நம்பர், போன திசை.

பறிகொடுத்தது மட்டுமில்லை, சந்தேகத்துக்கும் நம் ஆட்கள் ஆளாயிருக்கிறார்கள். லாரி நிறுத்தும் இடத்தில் டீசல் காணாமல் போனாலோ, கிடங்கில் மூட்டை குறைந்தாலோ, அந்த ஊர்க்காரர்கள் முதலில் கை காட்டுவது தென்னாட்டு வண்டியைத்தான். லுங்கி கட்டிய கறுத்த மனிதர்கள் என்ற ஒரு விவரிப்பில் எங்கள் ஆபீஸ் டிரைவர் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். இரவெல்லாம் நிலையத்தில் உட்கார வைத்துக் காலையில் அனுப்பப்பட்டவர் ஒருவர், “நான் செய்யலைன்னு சொல்லக்கூட பாஷை இல்லீங்க” என்று சொன்னபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

பழக்கமில்லாத முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுவது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மனித மூளை அப்படிப் பழகியிருக்கிறது. அமெரிக்காவில் 1969இல் ராய் மால்பாஸ், ஜெரோம் கிராவிட்ஸ் என்ற உளவியலாளர்கள் வெள்ளை மாணவர்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் முகப்படங்களைக் காட்டி நினைவைச் சோதித்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: தான் வளர்ந்த கூட்டத்து முகத்தைவிட, பழகாத கூட்டத்து முகத்தை அடையாளம் காண்பதில் மனிதர்கள் அதிகம் தவறுகிறார்கள். கத்தியோ துப்பாக்கியோ நீட்டப்பட்டால் கண் அதிலேயே நின்றுவிடுவதும், முகம் மனத்தில் பதியாமல் போவதும் சோதித்து அறியப்பட்டவை. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என்று பின்னாளில் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பாதிக்கும் மேல், கண்ணால் கண்ட சாட்சி தவறான ஆளைக் காட்டியவை. அந்தச் சாட்சிகளில் பலர் மனமறிந்து பொய் சொன்னவர்கள் அல்லர். நம்பியே சொன்னார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு வருவோம். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது போய்ப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் முதுகில் ஒரு பையுடன் இறங்குவார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், செங்கல் சூளைகள், கட்டட வேலைகள் எல்லாம் இன்று அவர்கள் கையில் நடக்கின்றன. ஒரு காலத்தில் வெளிவட்டச் சாலையில் நம் ஆட்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். மொழி தெரியாது, கூப்பிட்டால் வர ஆளில்லை. திருடனின் கணக்கும் மாறவில்லை. வாரக் கூலி வாங்கிய இரவில், தறிக்கூடத்திலிருந்து அறைக்குப் போகும் இருட்டுச் சாலையில் பைக்கில் வந்து செல்போனைப் பறித்துப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு அப்படிப் பறிகொடுத்த ஜார்க்கண்ட் பையன் ஒருவனுடன், எனக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும் என்பதால், எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். இருபது வயது இருக்கும். உதடு கிழிந்திருந்தது. அவனுக்குப் போன் என்பது பேசும் கருவி மட்டுமில்லை. கூலி விழும் வங்கிக் கணக்கும், ஆதார் நகலும், ஊர் திரும்ப எடுத்த ரயில் டிக்கெட்டும், அம்மாவின் எண்ணும் அதற்குள்தான். அம்மாவின் எண் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியாது. அதைச் சொல்லும்போதுதான் அழுதான்.

“ஆள் எப்படி இருந்தான்னு கேளுங்க சார்,” என்றார் எழுத்தர். கேட்டேன். தமிழ்க்காரர்கள், இரண்டு பேர், மீசை, என்றான். நாற்பது ஆண்டுக்கு முன் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் கேட்ட அதே பதில், ஊர் மட்டும் மாறி. அந்த சங்ககிரி டிரைவரின் கேள்விகளை ஹிந்தியில் கேட்க ஆரம்பித்தேன். பைக் என்ன நிறம்? சத்தம் எப்படி? பின்னால் இருந்தவன் எந்தக் கையால் பறித்தான்? கையில் என்ன இருந்தது? எந்தப் பக்கம் திரும்பினார்கள்? ஒவ்வொன்றாக வந்தது. சைலன்சர் உடைந்த சத்தம். பின்னால் இருந்தவனின் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறும் அதற்கு மேல் வெள்ளிக் காப்பும். கட்டைவிரலில் கட்டு. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், எழுத ஆரம்பித்தார். 2023 மே மாதம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த சிஇஐஆர் தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணைப் பதிந்து அதை முடக்கவும் செய்தார்கள். அந்த 15 இலக்க எண் அவன் அறையில் கிடந்த பெட்டியின் மேல் இருந்தது. பெட்டியை அவன் தூக்கிப் போடாததால் அது முடிந்தது.

அந்தப் பக்கம் இப்படி இருக்க, நம் பக்கம் ஒன்று காணாமல் போனால் என்ன நடக்கிறது? ஆட்டுக்குட்டியோ சைக்கிளோ தாலிக்கொடியோ, முதலில் வாயில் வருவது ‘வடக்கத்திப் பசங்க’. இதைச் சொல்பவர்களில் லாரி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அவர்கள் காட்டும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. 2024 செப்டம்பர் 27 அதிகாலையில் திருச்சூரில் மூன்று ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்து 65 லட்சம் ரூபாய்க்கு மேல் கொள்ளையடித்த ஹரியானா கும்பல், காரை ஒரு கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு நம் பக்கம்தான் வந்தது. குமாரபாளையம் பகுதியில் நிற்காமல் வாகனங்களை இடித்துக்கொண்டு போன லாரியைப் போலீஸ் துரத்திப் பிடித்தது. கொள்ளையரில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார், காவல்துறையினர் இருவர் காயமடைந்தார்கள். அதற்கு முன் 2016 ஆகஸ்டில், சேலத்திலிருந்து சென்னை எழும்பூர் போன ரயிலில், ரிசர்வ் வங்கிக்குச் சென்ற 342 கோடி ரூபாயில் 5.78 கோடியைப் பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு எடுத்தார்கள். 2018இல் அந்த வழக்கில் சிபிசிஐடி கைது செய்தது மத்தியப் பிரதேசக் கும்பலை. இரண்டும் நடந்தவை.

ஆனால் இவர்கள் பிடிபட்டது எப்படி என்று பாருங்கள். திருச்சூரிலிருந்து வந்த தகவல், ஒரு வெள்ளை நிற கிரெட்டா காரைப் பற்றியது. எந்த நேரம், எந்தத் திசை, எந்த வண்டி என்ற விவரம் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்ததால் கும்பல் மாட்டியது. ரயில் வழக்கில், அப்போது மின்கம்பி இல்லாத சேலம்–விருத்தாசலம் பாதையில்தான் கூரையில் ஏறியிருக்க முடியும் என்ற கணக்கும், அந்த வழியில் இயங்கிய செல்போன் எண்களின் பதிவும் உதவின. ‘வடக்கத்திக்காரன்’ என்ற சந்தேகத்தை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் போலீஸ் தறிக்கூடம் தறிக்கூடமாக ஏறி இறங்கியிருக்கும். லாரி பெங்களூரைத் தாண்டிப் போயிருக்கும்.

சந்தேகத்தை மட்டும் வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மே மாதம் சாட்சி. வட மாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரே கூடி அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். செய்தது அவ்வளவுதான். அவர் தமிழ் பேசியவர், அந்த மண்ணில் தன் குலதெய்வத்தைக் கும்பிட வந்தவர். 2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. டிஜிபி சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி நேரில் விசாரித்தது. அங்கே நாமெல்லாம் கொலைகாரர்கள் ஆனோம், ஒருவர் பாக்கியில்லாமல்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் மிகவும் பழையது. லாரி வருவதற்கு முன் கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தானியத்தோடு திரும்பியவர்கள் உப்புக் குறவர்கள். இந்த வட்டாரத்தின் சரக்குப் போக்குவரத்து அவர்கள் காலில் நடந்தது. 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது. உப்பு வணிகத்தையும் அரசு இறுக்கிப் பிடித்தது. தொழில் போன பின் ஊர் ஊராகத் திரிந்த அந்த மக்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். காவல்துறை அதிகாரி எஃப். எஸ். முல்லாலி 1892இல் சென்னை மாகாணத்தின் குற்றக் கூட்டங்கள் பற்றி நூல் எழுதியபோது, குற்றவாளியின் விவரிப்பு ஒரு சாதியின் விவரிப்பாக ஆகிவிட்டது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த குலத்துக்காகவே பெயர் பதிந்து, ரேகை எடுத்து, அனுமதி இல்லாமல் ஊர் தாண்டக்கூடாது என்று கட்டிப்போட்டார்கள். மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் அது நீங்கியது. தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’, ‘சேலம் மேல்நாட்டுக் குறவர்’ என்று நம் ஊர்ப் பெயரோடு அந்தச் சமூகங்கள் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக எழுதியிருக்கிறார். சரக்கு ஏற்றிச் சாலையில் பிழைத்தவர்கள் என்ற வகையில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். அவர்களுக்கு நடந்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

சட்டம் இன்று ஓரளவு துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கி மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. 103(2)ஆம் பிரிவு, பிறந்த இடத்தையோ மொழியையோ காரணமாக வைத்து ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொன்றால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் பதியலாம். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று நிலையம் நிலையமாகத் துரத்தப்பட்ட எங்கள் டிரைவர்களுக்கு அந்த நாளில் இது இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் மொழி தெரியாதவன் வாயிலிருந்து சரியான விவரத்தைச் சட்டம் வாங்கித் தராது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர்கள் நம் ஊரில் ஏராளம். நாக்பூர் ஹிந்தியும் கல்கத்தா ஹிந்தியும் பேசி நாடெல்லாம் ஓட்டிவிட்டு, முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற டிரைவர்கள் தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள். பறிகொடுத்தவன் என்ன பார்த்திருப்பான், எதைச் சொல்ல மறப்பான் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களே அந்த நிலையில் நின்றவர்கள். நாமக்கல், சேலம் மாவட்டங்களின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அப்படிப்பட்டவர்களின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்களும் தறி முதலாளிகளும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் அந்தப் பட்டியல் தயாராகிவிடும். தறிக்கூடத்துப் பையன் பறிகொடுத்து வந்தாலும் அவர்களைக் கூப்பிடலாம். தறிக்கூடத்துப் பையன் மேல் யாராவது பழி போட்டாலும் கூப்பிடலாம். இரண்டு நேரத்திலும் அவர்கள் கேட்கப் போவது ஒரே கேள்விதான், அதற்கு எந்த மாநிலம், என்ன சாதி என்பது பதில் ஆகாது. எங்கள் பகுதி நிலையத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றவர்களும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.